பிரேக் எண்ணெய் எங்கே போனது?

"அண்ணே, பிரேக் லைட் எரியுது" என்று யாராவது போனில் சொன்னால் நான் முதலில் கேட்பது, "என்ன நிறம்?" என்பதுதான். பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். "ஏதோ ஆச்சரியக்குறி மாதிரி இருக்கு" என்பார்கள். சிலர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அது இன்னும் நல்லது. நிறம் தெரிந்தால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரச் சொல்வதா, நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு இழுவை லாரியைக் கூப்பிடச் சொல்வதா என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

கிள்ளானில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கார் பட்டறை நடத்துகிறேன். எங்களிடம் வருபவை பெரும்பாலும் மைவி, சாகா, அக்ஸியா, பழைய வீரா, நடுவே சில ஹோண்டாவும் டொயோட்டாவும். கார் எதுவானாலும் டேஷ்போர்டில் பிரேக்குக்கென்று வரும் விளக்குகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். அவற்றில் மிக முக்கியமானது, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியும் இரு பக்கமும் அடைப்புக்குறி போன்ற வளைவும் உள்ள சிவப்பு விளக்கு. இந்த வாரம் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்வது அதைத்தான்.

பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு இரண்டு வேலை பார்க்கிறது. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் எரியும். பிரேக் எண்ணெய் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். இரண்டுக்கும் தனித்தனி விளக்கு வைத்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றும், ஆனால் கார் அப்படித்தான் வருகிறது. அதனால் விளக்கைப் பார்த்ததும் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அரைப் பல் மேலே நின்றாலும் விளக்கு எரியும். முழுவதும் இறக்கிய பிறகும் அணையவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது பானெட்டுக்குள் இருக்கிறது.

பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கம், பின் சுவரை ஒட்டி, கைக்குள் அடங்கும் அளவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும். வெளியிலிருந்தே உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தெரியும். 'மேக்ஸ்', 'மின்' என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கும். உள்ளே ஒரு மிதவை உண்டு. எண்ணெய் இறங்க இறங்க மிதவையும் இறங்கி, ஓர் அளவுக்கு வந்ததும் விளக்கை எரியவைக்கும். அளவு எல்லைக்கு அருகில் வரும்போது, வளைவில் திரும்பினாலோ அழுத்திப் பிரேக் பிடித்தாலோ எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்து விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். "எப்போவாவதுதான் எரியுது அண்ணே, உடனே போயிடுது" என்று பலர் சொல்வது இதைத்தான். போய்விட்டது என்று நிம்மதியடைய வேண்டாம். கார் உங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கிறது.

ஊற்றினால் விளக்கு அணையும்

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் ஒரு பாட்டில் பிரேக் எண்ணெய் வாங்கி ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். காரும் வழக்கம்போல் நிற்கும். வேலை முடிந்தது என்று தோன்றும்.

பெட்ரோல் எரிந்து தீரும். என்ஜின் எண்ணெய்கூடக் கொஞ்சம் எரிந்து குறையலாம். பிரேக் எண்ணெய் எரிவதில்லை. அது மூடிய குழாய்க்குள், நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோகும் திரவம், அவ்வளவுதான். அது குறைந்தால் இரண்டே காரணங்கள். ஒன்று, பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. இரண்டு, எங்கோ ஒழுகுகிறது.

பேட் தேய்வதால் எப்படி எண்ணெய் குறையும் என்று கேட்பார்கள். முன் சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பேட் மெலியும்போது பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வரும். பின்னால் உண்டாகும் இடத்தை எண்ணெய் போய் நிரப்பும். எண்ணெய் காரை விட்டு எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. புதிய பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் நான் மாற்றச் சொல்வேன். இந்த நிலையில் எண்ணெய் ஊற்றி டப்பாவை நிரப்பிவிட்டு, அடுத்த மாதம் புதிய பேட் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? பிஸ்டனை உள்ளே தள்ளும்போது எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வந்து பொங்கி வழியும். பிரேக் எண்ணெய் பெயின்டை உரித்துவிடும். பானெட்டுக்குள் பெயின்ட் உரிந்த கார் வந்தால், யாரோ முன்பு ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் பயப்பட வேண்டியது. காப்பாரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பள்ளி விடுமுறைக்கு அம்மா அப்பாவைக் கேமரன் மலைக்குக் கூட்டிப் போக வேண்டும், அதற்கு முன் டயர் மாற்ற வேண்டும் என்று வந்தார். பின் டயரைக் கழற்றும்போது இடது பக்க டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மழை பெய்யாத வாரம்.

"டீச்சர், பிரேக் லைட் எப்போவாவது எரிஞ்சிச்சா?"

"ஆமாண்ணா, எரியும். தம்பி எண்ணெய் ஊத்துவான், போயிடும்."

"எத்தனை தடவை ஊத்தினாரு?"

தைப்பூசத்திலிருந்து சித்திரை மாதத்துக்குள் மூன்று முறை ஊற்றியிருந்தார் தம்பி. டிரம்மைத் திறந்து காட்டினேன். அவருடைய காரில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் இருக்கும் சிறிய சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, எண்ணெய் கசிந்து, பிரேக் ஷூ ஊறிப் போயிருந்தது. எண்ணெயில் ஊறிய ஷூ எதையும் பிடிக்காது. காருக்கு அடியில் சொட்டவில்லை, வீட்டு வாசலில் கறை இல்லை, எல்லாம் டிரம்முக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாப்பா வழியாகக் கேமரன் ஏறி இறங்கும் பழைய சாலையில் எத்தனை வளைவு என்று போனவர்களுக்குத் தெரியும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் பிரேக்குக்கு வேலை.

இரண்டு பக்கமும் சிலிண்டரும் ஷூவும் மாற்றி, பழைய எண்ணெயை முழுவதும் எடுத்துப் புதிது நிரப்பி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தோம். அரை நாள் வேலை. அவருடைய தம்பியைக் குறை சொல்ல முடியாது. காருக்கான கையேட்டில் போட்டிருந்த சரியான எண்ணெயைத்தான் வாங்கி ஊற்றியிருந்தார். எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனவே விளக்கு எரிந்து எண்ணெய் குறைவாக இருந்தால், நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமோ, அழுக்கு ஒட்டிய பிசுக்கோ இருக்கிறதா? ஓட்டுநர் காலடியில் பெடலுக்கு மேலே நனைந்திருக்கிறதா? மேனுவல் கியர் கார்களில் கிளட்சுக்கும் பல நேரம் அதே டப்பாவிலிருந்துதான் எண்ணெய் போகும், ஒழுகல் அந்தப் பக்கமாகவும் இருக்கலாம். பட்டறைக்குக் கொண்டுவருவதற்காகக் கொஞ்சம் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மூடியில் எழுதியிருக்கும் வகையைப் பார்த்து, மூடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். என்ஜின் எண்ணெயையோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயையோ ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். அந்த எண்ணெய் பட்டால் பிரேக் குழாய்களுக்குள் இருக்கும் ரப்பர்கள் உப்பிக் கெட்டுவிடும். பிறகு மாற்ற வேண்டியது ஒரு ரப்பரோடு நிற்காது.

மஞ்சள் விளக்குகள்

'ஏபிஎஸ்' என்று எழுதிய மஞ்சள் விளக்கு வேறு கதை. சாவியைத் திருப்பியதும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால், அவசரப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சாதாரண பிரேக் இருக்கும். மெதுவாக, முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரலாம். மழை நேரத்தில் விரைவுச்சாலையில் மட்டும் வேண்டாம். பெரும்பாலும் சக்கரத்தருகே இருக்கும் வேக சென்சாரில் அழுக்கோ, அதன் கம்பி அறுந்ததோதான் காரணம். தாமான் வீடுகளில் எலி கடித்த கம்பிகளை நான் எத்தனை முறை ஒட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சக்கர பேரிங் மாற்றிய மறுநாளே ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், பேரிங்கைப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று மாற்றியவரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள். சில பேரிங்குகளில் ஒரு பக்கம் மட்டும்தான் காந்தம் இருக்கும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்த பிறகு இந்த விளக்கோடு வந்த கார்கள் அதிகம். தண்ணீரில் நின்ற காரில் சென்சாரை மட்டும் துடைத்துக் கொடுத்தால் போதாது, பிரேக் எண்ணெயையும் மாற்ற வேண்டும், பின் டிரம்மைத் திறந்து சேற்றை எடுக்க வேண்டும்.

சிவப்பு விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அதை இரண்டு சின்னப் பிரச்சினை என்று எண்ணாதீர்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் போயிருக்கலாம். அழுத்திப் பிரேக் போட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலக்கூடும். அப்படி வந்தால் நான் ஓட்டி வரச் சொல்வதில்லை.

ஐரோப்பிய கார்களில், வட்டத்தின் இரு பக்கமும் கோடு கோடாக விட்டுவிட்டு வரைந்த மஞ்சள் விளக்கு ஒன்று வரும். பேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் அந்த விளக்கே கிடையாது. அதற்குப் பதில் பேட்டில் ஒரு சிறு தகடு இருக்கும், பேட் மெலிந்ததும் டிஸ்க்கில் உரசிக் 'கீச்' என்று கத்தும். ரேடியோ சத்தத்தில் அது கேட்காது. வாரத்தில் ஒருநாளாவது கார் நிறுத்தும் இடத்தில் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். 'கீச்' போய் 'கரகர' என்று இரும்பு உரசும் சத்தம் வந்துவிட்டால், டிஸ்க்கும் சேர்ந்து போகிறது என்று அர்த்தம்.

பச்சை நிறத்தில் காலணி வைத்த விளக்கைப் பார்த்து ஓடி வருபவர்களும் உண்டு. அது பழுதே இல்லை. கியரை மாற்ற பிரேக்கை மிதியுங்கள் என்கிறது.

மலையும் பழைய எண்ணெயும்

எந்த விளக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது: எண்ணெயின் வயது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 3 வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, அதுவே 155 ஆகும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் டிஸ்க் அதைவிடச் சூடாகும். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அழுத்தினால் அது விசையைக் கொண்டுபோகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக் கொடுக்கும். பெடல் பஞ்சுபோல் கீழே போகும். டப்பாவில் எண்ணெய் அளவு சரியாக இருப்பதால் விளக்கும் எரியாது.

2013 ஆகஸ்டு 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை நம் தலைமுறை மறக்க முடியாது. கனரக வண்டியின் பிரேக் வேறு வகை, காரோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்த இறக்கம் எல்லா வண்டிக்கும் ஒரே இறக்கம்தான். ஆட்டோ கார் ஓட்டுபவர்கள் பலர் 'டி'-யை விட்டு வேறு எதையும் தொட்டதே இல்லை. இறக்கத்தில் '2' அல்லது 'எல்' அல்லது 'பி' என்று உங்கள் காரில் இருப்பதற்கு மாற்றுங்கள். என்ஜின் சத்தம் கூடும், கூடட்டும், அது வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை நீளமாகத் தேய்த்துக்கொண்டே இருக்காமல், அழுத்திப் பிடித்து வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள்.

எண்ணெயை 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்வேன். உங்கள் கையேடு அதற்கு முன்பே சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். குடும்பத்தோடு வாழை இலைச் சாப்பாடு சாப்பிடப் போகும் செலவுக்குள் முடிகிற வேலை இது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்து பெடலும் இறங்கினால் என்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக்குக்கு உதவும் விசையும் போய்விடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். எக்ஸிலேட்டரை விட்டு, அவசர விளக்கைப் போட்டு, பெடலை வேகமாக விட்டுவிட்டு மிதியுங்கள். பெரும்பாலான கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனிப் பாதையாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு பிடிக்கும். ஆனால் ஆழமாக மிதிக்க வேண்டும், நிற்கத் தூரமும் அதிகம் எடுக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சறுக்கும். அவசரப் பாதையில் நின்றதும் எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள், பிறகு உதவியைக் கூப்பிடுங்கள். பிளஸ் நெடுஞ்சாலை என்றால் பிளஸ்ரோண்டா வரும்.

சிங்கப்பூரில் 3 வயது தாண்டிய காரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 10 வயது தாண்டியதை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காப்புறுதி கட்டினால் சாலை வரி வந்துவிடும், பிரேக்கை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். பெயர் மாற்றும்போது மட்டும்தான் சோதனை. அதனால் தீபாவளிக்கோ பெருநாளுக்கோ ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். என்ஜின் ஓடும்போது பிரேக்கை நன்றாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போயிருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நான்கைந்து முறை மிதித்து, மிதித்தபடியே மீண்டும் ஸ்டார்ட் செய்தால் அது சற்றுக் கீழே போக வேண்டும். போகவில்லை என்றால் பிரேக்குக்கு உதவும் விசையில் குறை.

பழைய கார் வாங்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு இன்னொன்று. விற்பவர் என்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தால், அணைத்துவிட்டு நீங்களே சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த நிலையில் சிவப்புப் பிரேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிந்தே ஆக வேண்டும். ஏபிஎஸ் உள்ள காரில் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், யாராவது கழற்றியும் இருக்கலாம். டேஷ்போர்டுக்குள் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்த ஒரு சாகாவை நானே திறந்திருக்கிறேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து இறக்கி, சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.